லைன்ல சுமை அதிகம்

பிப்ரவரி 5, திங்கள்

காலைல ஹாலைக் கூட்டிட்டு இருந்தப்ப கம்ப்யூட்டர் பட்டுனு ஒரு சத்தம் போட்டுச்சு. அடுத்த நிமிஷம் வயர் கருகுற நாத்தம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அத்தை உள்ளேயிருந்தே, "என்னத்தப் போட்டு உடைச்ச?"ன்னாங்க. நான் உடைக்கலை, அதுவா போச்சுன்னேன். "அதுவா எப்படிப் போவும், கூட்டுறேன்னு ஈரத் துணியக் கொண்டு போயிருப்ப." இந்த வீட்டுல எது கெட்டாலும் அதுக்கு நான்தான் காரணம். பதினாலு வருஷமா இதே பாட்டு.

அந்தக் கம்ப்யூட்டரை நாங்க யாரும் தொடுறதில்லை. அது அவரோடது. அவர் குவைத்ல கம்பெனிகளுக்கு கேமரா மாட்டுற வேலைல இருக்காரு. போன தடவை லீவுல வந்தப்ப நம்ம வீட்டுக்கும் ஹால்ல ஒண்ணு, கேட்டுல ஒண்ணு மாட்டி, படமும் சத்தமும் இந்தக் கம்ப்யூட்டர்ல சேர்ற மாதிரி பண்ணி வச்சிட்டுப் போனாரு. அங்கேருந்து இதுக்குள்ள நுழைஞ்சு வீட்டைப் பார்த்துக்குவாரு. பட்டுக்கோட்டைல ரெண்டு பொம்பளைங்களும் எங்க பொட்டப்புள்ள மகிழும் தனியா இருக்கோம், அக்கறை இருக்கத்தானே செய்யும்.

சாயங்காலம் இன்னொரு சேதி. அத்தையோட டேப்லெட்ல ஜெசி பேசினா. கல்யாணத்துக்கு முன்னாடி திருச்சியில நானும் அவளும் ஒரே கம்பெனி. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படிச்சு, இன்ன நோய், இன்ன வைத்தியம்னு இன்சூரன்ஸுக்குப் புரியுற நம்பரா மாத்திக் குடுக்குற வேலை. அவ இப்ப அங்க டீம் லீடர். போன மாசம் அத்தையோட டேப்ல வச்சு ஒரு இன்டர்வியூ பேசினேன்ல, அதுல நான் தேறிட்டேனாம். வீட்டுலேருந்தே வேலை. கம்பெனி லேப்டாப் கூரியர்ல வரும். பதினாறாம் தேதி லைன் சோதனை. அன்னிக்குக் காலைல ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நம்ம வீட்டு நெட் அறுந்து போகாம நிக்கணும். நின்னா வேலை எனக்கு, அறுந்தா வேற ஆளுக்கு.

அவர்கிட்ட இன்னும் சொல்லலை. மறைக்கணும்னு இல்லை, கிடைச்சதும் சொல்லிக்கலாம்னுதான். ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டப்ப, "உனக்கு என்ன குறை வச்சேன்?"னு மெதுவாத்தான் கேட்டாரு. நானும் அதுக்கு அப்புறம் பேச்செடுக்கலை.

லைனை நினைச்சாத்தான் பயம். என் போன்ல காலைல எட்டு மணி வரைக்கும் நெட் வரும், அப்புறம் விளக்கு வச்ச பிறகுதான். நடுவுல சுத்தமா இல்லை. நம்ம தெருவுல பகல்ல லைன்ல சுமை அதிகம்னு அவர் சொல்லியிருக்காரு. சிம்முக்கும் பேசுறதுக்கு மட்டும்தான் ரீசார்ஜ் போடுவாரு, வீட்டுல வைஃபை இருக்கறப்ப எதுக்கு டேட்டான்னு. அத்தையோட டேப் மட்டும் பகல் பூரா ஓடும். அது புது மாடலு, நல்லா இழுக்குமாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்னிக்கு மட்டும் அவர்கிட்டேருந்து பதினோரு போன். கம்ப்யூட்டர் இல்லாம அவருக்கு வீடு தெரியலை. "என்ன பண்றே? யாரு வந்தா? கதவு சாத்தியிருக்கா?" மீன்காரம்மா வந்தாங்கன்னேன். "எவ்வளவு நேரம் நின்னாங்க?"

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் கடை இருக்கு, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். எந்தக் கடைன்னு கேட்டுக்கிட்டாரு. அப்புறம், "மணி, கோபப்படாம சொல்றேன் கேளு. நான் இல்லாத வீட்டுக்குள்ள ஆம்பளை எதுக்கு?"ன்னாரு. அத்தை இருக்காங்களேன்னேன். "அம்மா டேப்பைப் பார்த்தா உலகத்தை மறந்துடுவாங்க."

அது நிஜம்தான். அத்தை சீரியல் பார்க்கிறவங்க இல்லை. எங்கேயோ பனி மலைல வெள்ளைக்காரன் லாரி ஓட்டுறதைப் பார்ப்பாங்க. பேச்சே இருக்காது, என்ஜின் சத்தமும் வைப்பர் சத்தமும்தான். தஞ்சாவூரைத் தாண்டினதில்லை அவங்க.

புது கம்ப்யூட்டர் அவரே ஆர்டர் போடுறாராம். பழசுல இருந்த செட்டிங் அத்தனையும் புதுசுக்கு மாத்தணும், அதுக்கு நான்தான் கை, அவர் வாயால சொல்லுவாரு. எனக்கு அதெல்லாம் தெரியாதேன்னேன். "தெரியவும் வேண்டாம். சொல்றதை மட்டும் அமுக்கு."

மாவு அரைச்சாச்சு. சிலிண்டர் பதிஞ்சாச்சு.

பிப்ரவரி 7, புதன்

ஹால் கேமராவுல சிவப்பு லைட் இன்னும் எரியுது. படம் எங்கேயும் சேராது, அவர் பார்க்கவும் முடியாது, தெரியும். இருந்தாலும் ஹாலைக் கடக்கறப்ப முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மத்தியானம் ஒரு காரியம் பண்ணினேன். எழுதவே வெட்கமா இருக்கு. ஹால் நடுவுல, ஃபேனுக்கு அடியில, வெறுந்தரைல மல்லாக்கப் படுத்தேன். அவ்வளவுதான். கேமரா மாட்டினதுலேருந்து ஹால்ல படுத்ததில்லை, முதுகு வலிச்சாலும் சமையக்கட்டு மூலையிலதான் சாய்வேன். தரை அவ்வளவு குளிர்ச்சி. படுத்த கொஞ்ச நேரத்துல அழுகை வந்துச்சு. எதுக்குன்னு தெரியலை. உடம்பு அசதியா இருக்கும்.

அத்தை தண்ணி குடிக்க வந்தவங்க என்னைத் தாண்டிப் போனாங்க. திரும்பி வரப்ப ஒரு தலைகாணியைக் கொண்டாந்து பக்கத்துல போட்டுட்டுப் போயிட்டாங்க.

பிப்ரவரி 10, சனி

புது கம்ப்யூட்டர் நேத்து வந்துச்சு. கூரியர்காரரை கேட்டோட நிறுத்தி, அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுன்னு உத்தரவு. அப்படியே செஞ்சாச்சு.

அவருக்கு வெள்ளி சனி லீவு. இன்னிக்குக் காலைல டேப்புல வீடியோ கால் போட்டாரு. அதை உப்பு ஜாடி மேல சாய்ச்சு வச்சு வேலையைத் தொடங்கினேன். அந்த வயரை இங்க குத்து, இந்த வயரை அங்க குத்து. எல்லாம் குத்தி முடிச்சு திரை வெளிச்சம் வந்ததும் அவருக்கு மூச்சு வந்துச்சு. எனக்கும்தான்.

அப்புறம்தான் முக்கியமான இடம். சாமி அலமாரிக்கு மேல வைஃபை ரூட்டர் டப்பா இருக்குல்ல, அதோட உள் பக்கத்தை கம்ப்யூட்டர் திரைல திறக்கணுமாம். பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்த இடத்துல புதுசை உட்கார வச்சாத்தான் அவரால அங்கேருந்து நுழைய முடியுமாம். வாசக்கதவு மாறினா வழி தெரியாது, அவ்வளவுதான்னாரு. அதுக்கு ஒரு பாஸ்வேர்ட். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மனசே இல்லை அவருக்கு. வேற வழியும் இல்லை.

"எழுதி வைக்காத. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், அமுக்கிட்டு மறந்துடு."

"சரிங்க."

"எழுதலையே?"

"இல்லைங்க."

எழுதலை. இங்கேயும் எழுதலை. ஆனா நான் ஒரு காலத்துல நாள் முழுக்க நோய்களோட நம்பரை மனசுல வச்சிருந்தவ. அதை அவரும் மறந்துட்டாரு, நானும் மறந்திருந்தேன்.

பக்கம் திறந்துச்சு. இங்கிலீஷ்ல வரிசையா பேரு. அம்மா. மகிழ். மணி. ஹால் கேமரா. கேட் கேமரா. பழைய கம்ப்யூட்டர். இதுல பேர் பதியாத எதையும் டப்பா உள்ள விடாதாம். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு கட்டம், அதுல நேரம்.

"அதெல்லாம் பார்க்காத மணி. கீழ இறங்கு. இன்னும் கீழ."

இறங்கினேன். அதுக்குள்ள அவருக்கு ஆபீஸ்லேருந்து அழைப்பு வந்துடுச்சு, எங்கேயோ கேமரா நின்னு போச்சாம், உடனே போகணும். பக்கத்தை மூடச் சொல்லி, மூடினதை டேப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லிட்டுப் போனாரு. மீதி புதன்கிழமை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கறி எடுத்தோம். மகிழுக்கு எலும்பு வேணும்னு அடம், பதிமூணு வயசாகியும்.

நேத்து அந்தப் பக்கத்துல பார்த்தது மறக்கலை. மகிழ் பேருக்கு நேரா பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம். மணி பேருக்கு நேரா காலைல எட்டு வரைக்கும், சாயங்காலம் ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும். அம்மா பேருக்கு நேரா தடை இல்லை.

தெருவுல சுமைன்னா தெருவுல எல்லாருக்கும்தானே இருக்கணும்.

லைனைச் சரியாப் பிரிச்சுக் குடுக்கத்தான் அப்படி வச்சிருப்பாரு. தொழில் தெரிஞ்சவரு.

பிப்ரவரி 12, திங்கள்

இல்லை. லைன்ல ஒரு சுமையும் இல்லை. மூணு வருஷமா நான் பக்கத்து வீட்டு மீனாட்சியக்காகிட்ட, உங்க வீட்டுலயும் பகல்ல வராதுல்லன்னு கேட்டிருக்கேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "ஆமா ஆமா"ன்னு சொல்லியிருக்காங்க. அதை நினைச்சாத்தான் உடம்பெல்லாம் எரியுது.

பிப்ரவரி 13, செவ்வாய்

கம்பெனி லேப்டாப் வந்துடுச்சு. நான் கொல்லைல துணி காயப் போட்டுட்டு இருந்தேன். அத்தையே வாங்கி, அவங்க ரூம் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிட்டு, "உனக்கு ஒண்ணு வந்திருக்கு, கனமா இருக்கு"ன்னாங்க. என்னன்னு கேட்கலை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவர் கூப்பிட்டப்ப மகிழ் ஓடிப் போய், "அப்பா, இன்னிக்கு நம்ம வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி வந்துச்சே"ன்னு சொல்லிட்டா. கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு எனக்கு.

"என்ன பெட்டி மணி? நான் ஒண்ணும் அனுப்பலையே."

அத்தை டேப்பை மகிழ்கிட்டேருந்து வாங்கினாங்க.

"எனக்கு வந்துச்சுடா."

"உனக்கு என்னம்மா பெட்டி?"

"பொம்பளைங்க சமாச்சாரம் எல்லாம் உன்கிட்ட ஒப்பிக்கணுமா?"

அவர் பேச்சை மாத்தி, மழை பெஞ்சுதான்னு கேட்டாரு. பிப்ரவரில எங்கேருந்து மழை பெய்யும்?

அத்தைக்கும் எனக்கும் பொருத்தம் எப்பவும் சுமார்தான். குழம்புல புளி கூடிச்சுன்னா மூணு நாளைக்குச் சொல்லிக் காட்டுவாங்க. ஏன் இப்படிப் பண்ணினாங்கன்னு எனக்குப் புரியலை. கேட்கவும் பயமா இருந்துச்சு.

பிப்ரவரி 14, புதன்

முதல் கேள்வியே, "ஜெசிந்தா யாரு?"

சிம் அவர் பேர்ல இருக்கு. யாரு யாருக்குப் பேசினோம்னு அங்கேருந்தே பார்க்கலாம், நம்பரைப் போட்டா ஆள் பேரைக் காட்டுற ஆப்பும் வச்சிருக்காரு. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் நேத்துப் பகல்ல அவகிட்ட என் போன்லயே பேசித் தொலைச்சிருக்கேன், புத்தி கெட்டுப் போய்.

"திருச்சியில கூட வேலை பார்த்தவங்க. குழந்தை பிறந்திருக்காம்."

"இவ்வளவு நாள் கழிச்சு உன்னை எதுக்கு ஞாபகம் வந்துச்சு?"

"தெரியலைங்க."

"சரி. வேலையைப் பார்ப்போம்."

கோபமா கேட்டிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன். அவர் கோபமே பட மாட்டாரு. சரின்னு சொல்லிட்டு அதை எங்கேயோ பத்திரப்படுத்தி வச்சுக்குவாரு, எனக்கு அதுதான் பயம்.

மறுபடி பாஸ்வேர்ட், மறுபடி அந்தப் பக்கம். எழுத்தெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, தெரியாத மாதிரி ஒவ்வொண்ணா தேடித் தேடி அமுக்கினேன். பழைய கம்ப்யூட்டர்ங்கிற பேரை எடுத்துட்டு அந்த இடத்துல புதுசைப் பதியணும். புது கம்ப்யூட்டரோட பின்னாடி ஒரு சீட்டுல நீளமா நம்பர் இருக்கு, அதைப் பார்த்து அப்படியே அடிக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் உள்ள விடாது. அடிச்சேன். அதுக்கும் தடை இல்லைன்னு போடச் சொன்னாரு. போட்டேன். கேமரா ரெண்டும் புதுசுல படம் காட்டுச்சு.

"இப்ப பக்கத்தை மூடு. மூடிட்டியா?"

அந்த நேரம் பார்த்து டேப் உப்பு ஜாடியிலேருந்து சரிஞ்சு குப்புற விழுந்துடுச்சு. நான் தள்ளலை. சத்தியமா தள்ளலை.

"மூடிட்டேங்க."

"காட்டு."

டேப்பை நிமிர்த்தறதுக்குள்ள அந்தப் பக்கத்தைக் கீழ இறக்கிட்டு கேமராப் படத்தை மேல கொண்டாந்தேன். காட்டினேன்.

"ஏன் நடுங்குற?"

"காலைலேருந்து சாப்பிடலைங்க."

"சாப்பிடு முதல்ல. உடம்பைப் பார்த்துக்க. கடைசியா ஒரு புரோகிராம் மட்டும் ஏத்தணும், அது இருந்தா நானே உள்ள வந்துடுவேன், உனக்குத் தொல்லை இருக்காது. வெள்ளிக்கிழமை காலைல பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமை பதினாறாம் தேதி.

போன் வச்சதும் அத்தை ரூமுக்குள்ள போய் கட்டிலுக்கு அடியிலேருந்து லேப்டாப்பை இழுத்தேன். அடியில நம்பர் ஒட்டியிருந்துச்சு. மனசுல வச்சுக்கிட்டு ஹாலுக்கு வந்து, கீழ இறக்கின பக்கத்தை மறுபடி திறந்து, கடைசியா ஒரு வரி சேர்த்தேன். பேர் போடச் சொல்லிக் கேட்டுச்சு. என் பேரைப் போட்டா எட்டு மணிக்கு மேல செத்துப் போகும். பேருக்கு என்ன போடுறதுன்னு யோசிக்கவே இல்லை, விரல் தானா அடிச்சிடுச்சு. அம்மா 2. தடை இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

காலைல பத்து மணிக்கு அத்தை ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நெட் வந்துச்சு. பட்டப்பகல்ல.

அத்தை கட்டில்ல உட்கார்ந்து லாரி பார்த்துக்கிட்டே, "நாளைக்கா?"ன்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். "என் டேப்ல பேசிட்டு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாக்கும்."

அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டுட்டேன். லாரியை நிறுத்தாமலே சொன்னாங்க.

"உன் புருஷன் திரு கைப்புள்ளையா இருக்கறப்ப சத்துணவுக் கூடத்துல ஆள் எடுத்தாங்க. நான் சைக்கிள் எடுத்துட்டுப் போய் பேரைக் குடுத்துட்டு வந்தேன். மறுநாள் பார்த்தா சைக்கிள்ல பூட்டு. திருட்டுப் பயமா இருக்குன்னாரு உன் மாமனாரு. சாவி அவரு அருணாக் கயித்துல. நானும் ரொம்ப காலத்துக்குத் திருட்டுப் பயம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்."

அப்புறம், ரசத்துல உப்பு கம்மின்னாங்க.

பிப்ரவரி 16, வெள்ளி

எல்லாத்தையும் எழுதி வச்சிடுறேன், இல்லைன்னா தூக்கம் வராது.

மகிழ் பள்ளிக்கூடம் போனதும் அத்தை ரூமுல உட்கார்ந்தேன். சோதனை ஆரம்பிச்சாச்சு. காதுல ஹெட்போன், திரைல ரிப்போர்ட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. ஓரத்துல பச்சையா ஒரு கோடு, அதுதான் நம்ம லைன். அது மஞ்சளானா எச்சரிக்கை, சிவப்பானா முடிஞ்சது. முதல் ரிப்போர்ட்டே கை உடைஞ்ச ஒரு கிழவரு. பழைய நம்பரெல்லாம் அத்தனையும் ஞாபகம் வந்துச்சு. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்றது. எனக்கு வேலை தெரியும். எனக்கு இது தெரியும்.

கொஞ்ச நேரத்துல ஹால்ல டேப் அடிச்சுச்சு. அத்தை எடுத்தாங்க. கதவு ஒருக்களிச்சு இருந்ததால எல்லாம் கேட்டுச்சு.

"அம்மா, மணி எங்க? அந்தப் புரோகிராமை ஏத்திடலாம்."

"அவ என் போர்வையெல்லாம் ஊற வச்சிட்டிருக்கா. நீ முதல்ல இதப் பாரு, இதுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணும் படிக்க முடியலை."

"அது அப்புறம் பார்க்கலாம்மா."

"எப்ப அப்புறம்? நான் செத்த அப்புறமா?"

அதுக்கு மேல அவரால பேச முடியலை. பெரிசாக்குறதுக்கு வழி சொன்னாரு. அத்தை வேற எதையோ அமுக்கினாங்க. மறுபடி சொன்னாரு. திரையே தலைகீழாப் போச்சுன்னாங்க. "பரவாயில்லம்மா. பதட்டப்படாத. மெதுவா அமுக்கு. நான் இருக்கேன்ல." ஒரு தடவை கூடக் குரல் உயரலை. அந்தக் குரல்ல எவ்வளவு பொறுமை. என்கிட்டயும் மெதுவாத்தான் பேசுவாரு. ஆனா நான் இருக்கேன்லன்னு எனக்குச் சொன்னதில்லை. பித்தப்பைக் கல்லுக்கு நம்பர் போட்டுக்கிட்டே அதைக் கேட்டுட்டு இருந்தேன்.

எவ்வளவு நேரம்தான் அத்தையும் தப்பா அமுக்க முடியும்? கடைசில அவர், "சரிம்மா, டேப்பை மணிகிட்ட குடு, அவ பண்ணிடுவா"ன்னாரு. அத்தை நடந்து வர்ற சத்தம். கதவைத் திறந்தாங்க. டேப்போட முகத்தை வயித்துல அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், இன்னும் கொஞ்ச நேரம்னு.

அந்த நேரம் கரண்டு போச்சு.

ஃபேன் நின்னுச்சு. பச்சைக் கோடு மஞ்சளாச்சு. எனக்கு உயிரே போச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மஞ்சள் அப்படியே நடுங்கிச்சு, அப்புறம் மறுபடி பச்சை. லேப்டாப்புல சார்ஜ் இருக்கு சரி, ரூட்டர் எப்படி ஓடுதுன்னு புரியலை. எட்டிப் பார்த்தா சாமி அலமாரி மேல டப்பா ஜம்முனு மினுக்கிட்டு இருக்கு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. கரண்டு போனாலும் கேமரா நிக்கக் கூடாதுன்னு அவர்தான் அதுக்குத் தனியா ஒரு பேட்டரி மாட்டி வச்சிட்டுப் போனவரு.

அத்தை டேப்பை நிமிர்த்தி, "கரண்டு போச்சுடா, நெட்டும் போயிடும், வச்சிடுறேன்"ன்னு சொல்லி அணைச்சிட்டாங்க. உடனே சமையக்கட்டுல என் போன் அடிக்க ஆரம்பிச்சுச்சு. அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுச்சு. நான் எழுந்திருக்கலை. பதினாலு வருஷத்துல அவர் போனை எடுக்காம விட்டது இதுதான் முதல் தடவை. வேர்வை கண்ணுல இறங்குச்சு, துடைக்காம அடிச்சேன். அத்தை விசிறியை எடுத்துட்டு வந்து எனக்கு வீச ஆரம்பிச்சாங்க, எங்கேயோ பார்த்துக்கிட்டு.

முடிஞ்சப்ப காதுல சோதனை வச்ச பொண்ணு நன்றின்னு மட்டும் சொல்லிச்சு. முடிவு அப்புறம் வருமாம்.

அவரைக் கூப்பிட்டேன். போர்வை துவைச்சேன், கேட்கலைன்னேன். "அஞ்சு தடவை அடிச்சேன்"னாரு. மன்னிச்சிடுங்கன்னேன். "சரி. நாளைக்குப் பண்ணலாம்."

போன் வச்ச பிறகுதான் காலைலேருந்து நான் பல் மட்டும்தான் விளக்கியிருக்கேன், ஒண்ணும் சாப்பிடலைன்னு தெரிஞ்சுது.

பிப்ரவரி 17, சனி

புரோகிராம் ஏத்தியாச்சு. அவர் உள்ள வந்துட்டாரு.

நான் நாற்காலியில சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், கை மடியில இருந்துச்சு. திரைல அம்பு தானா நகர்ந்துச்சு. பக்கத்துல டேப்ல அவர் குரல். கேமரா ரெண்டையும் திறந்து பார்த்தாரு. ஹால் படத்துல நான் உட்கார்ந்திருக்கிறது எனக்கே தெரிஞ்சுது, பின்னலும் முதுகுமா. அப்புறம் அம்பு ரூட்டர் பக்கத்துக்குள்ள போச்சு. வரிசையா இறங்குச்சு. அம்மா. மகிழ். மணி. கேமரா, கேமரா, புது கம்ப்யூட்டர். கடைசி வரியில நின்னுச்சு.

"அம்மா ரெண்டுன்னு ஒண்ணு இருக்கே மணி. இது என்ன?"

ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்த பதிலை ஆரம்பிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுச்சு.

"யாரு சேர்த்தா இதை? உள்ள போக உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை பின்னாடி வந்து நின்னாங்க. "நான்தான் சேர்க்கச் சொன்னேன். அன்னிக்குப் பெட்டி வந்துச்சுல்ல, அது."

"நேத்துக் காலைல பூரா ஓடியிருக்கேம்மா. அதுல நீ என்ன பண்றே?"

"எனக்கு வேண்டியதைப் பண்றேன்."

"அதுக்கில்லம்மா. வயசான காலத்துல கண்ணு என்னத்துக்கு ஆகும்? ஒரு நேரம் வச்சிடுறேன். காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்."

"வைடா."

அம்பு அந்தக் கட்டத்துக்குள்ள போச்சு.

"உங்கப்பா என் சைக்கிளுக்கு வச்சாரு. சாவிய சாகுற வரைக்கும் இடுப்புலயே வச்சிருந்தாரு. அந்தச் சைக்கிளை எடைக்குத்தான் போட்டோம், நீதான் தள்ளிட்டுப் போன. இப்ப நீ இதுக்கு வை. பெத்தவளுக்குப் பூட்டு போட்டேன்னு நீயே ஊருக்குச் சொல்லிக்க."

அத்தை சத்தமாக்கூடப் பேசலை. டேப்புல அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் எங்கேயும் பார்க்கலை, திரையைத்தான் பார்த்துட்டு இருந்தாரு. நானும் திரையைப் பார்த்தேன். அம்பு அந்தக் கட்டத்துலயே நிக்குது. அசையலை. தடை இல்லைங்கிற எழுத்து மேல அப்படியே நிக்குது. அவருக்குப் புரிஞ்சிடுச்சுன்னு எனக்குத் தெரியும். அத்தைக்கு இன்னொரு மிஷின் தேவையில்லைன்னு ஒரு மனுஷனுக்குத் தெரியாமயா இருக்கும்.

அப்புறம் அம்பு மெதுவா வெளிய வந்துச்சு. கீழ இறங்கி, பாஸ்வேர்டை மாத்துற இடத்துக்குப் போச்சு. புள்ளி புள்ளியா விழுந்துச்சு. பக்கம் மூடிச்சு.

"மணி."

"சொல்லுங்க."

"அம்மாவை நல்லாப் பார்த்துக்க."

"சரிங்க."

பிப்ரவரி 20, செவ்வாய்

ஜெசிகிட்டேருந்து சேதி வந்துடுச்சு. இருபத்தாறாம் தேதி வேலைல சேரணும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அவர் ரெண்டு நாளா சரியாப் பேசலை. வைகாசியில லீவுல வர்றேன்னு மட்டும் சொன்னாரு. வரட்டும். வந்தா நானே சொல்றேன். என்ன சொல்லப் போறேன்னு தெரியலை, பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லத்தான் போறேன்.

என் போன்ல நெட் காலைல எட்டு மணிக்கு வழக்கம்போல நின்னு போச்சு. நாளைக்கு இட்லிக்கு ஊறப் போட்டாச்சு.

பிப்ரவரி 26, திங்கள்

காலைல மகிழை அனுப்பிட்டு, ஹாலைக் கடக்கறப்ப கேமராவைப் பார்த்து முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டேன். பழக்கம் போகலை. அத்தை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஜன்னலோரமா எனக்கு ஒரு பழைய ஸ்டூல் போட்டு, மேல மடிச்ச போர்வை வச்சிருந்தாங்க.

பனி மலைல லாரி ஏறிட்டு இருந்துச்சு. காது கிழியுற சத்தம். டீம்ல எல்லாரும் பேசுறது கேட்கலை, கொஞ்சம் குறைச்சு வைங்க அத்தைன்னேன்.

"முடியாது. இந்தச் சத்தம் இருந்தாத்தான் நீ பேசுறது ஹாலுக்குக் கேட்காது"ன்னாங்க.